அத்தையோடது

"ஷூவைக் கழட்ட வேணாம், அப்படியே உள்ள வாங்க" என்று மாமியார் பிலோமினம்மாள் வாசலில் நின்றவர்களிடம் மலாயில் சொன்னதுமே பிரிஜட் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டுக்குள் பங்குச் சாமியாரே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைவார்.

வந்தவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் சீனர், ஒருவர் மலாய்க்காரர். சிங்கப்பூரில் அந்த குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி புளோக்கில் ஏழாவது மாடியில் லிஃப்ட் நிற்காது. ஒரு மாடி படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்காமல் கூடத்தை நோட்டம் விட்டார்கள். பிரிஜட் சமையலறை வாசலில் நின்றாள். கையில் முடிச்சுப் போட்ட ஒரு கைக்குட்டை. அதற்குள் இரட்டைவடச் சங்கிலி. அடுத்த வீட்டு ஆமினா பீவியின் கணவர் ரவூப் மறுநாள் ஊருக்குப் போகிறார். அவரிடம் கொடுத்தனுப்பினால் அது திண்டுக்கல்லில் தங்கை கழுத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஈஸ்டர் முடிந்ததும் தங்கைக்குக் கல்யாணம்.

"அதோ, கையிலயே வச்சிருக்கா பாருங்க" என்றாள் பிலோமினம்மாள். குரலில் கோபமே இல்லை. பெரிய வெள்ளிக்கிழமையன்று பாடுகளின் வரலாறு வாசிக்கக் கேட்கிறவள்போல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நீங்கதானே காலையில சாவியக் குடுத்தீங்க..."

"நானா? நல்லாருக்கே கதை. சாவிய எங்க வைக்கிறேன்னு நோட்டம் பாத்து வச்சிருந்து எடுத்திருக்கே."

காலையில் நடந்தது இதுதான். திருஇருதயப் படத்துக்குப் பின்னாலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து, பிலோமினம்மாளே மருமகள் கையில் வைத்தாள். "உன் நகைதானேம்மா. தங்கச்சி கல்யாணத்துக்கு அக்கா செய்யாம யாரு செய்வா? எடுத்துக் குடுத்தனுப்பு" என்றாள். வந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து 'அம்மா' என்ற சொல்லைக் கேட்டிராத பிரிஜட், சமையலறைக்குப் போய் வெங்காயம் உரிக்கிற சாக்கில் அழுதாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால், விவரம் தெரிந்த ஆடு ஓட்டம் பிடிக்கும். இந்த ஆடு ஓநாய்க்காகச் சேர்த்து அழுதது.

அப்போது கண்ணாடி முன் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தவன் ஆம்ப்ரோஸ். எல்லாம் அவன் காது கேட்க நடந்தது.

"ஏங்க, நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க. சொல்லுங்களேன்."

ஆம்ப்ரோஸ் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. மேலதிகாரி முன்னாலும் அம்மா முன்னாலும் ஒரே மாதிரி நிற்பான். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் குளிச்சிக்கிட்டிருந்தேன்" என்றான். அவன் தாடையோரத்தில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது.

கல்யாணமாகி மூன்று வருஷம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால் ஆம்ப்ரோஸ் வரமாட்டான். குறை எங்கேயாவது தன் பக்கம் வந்துவிடுமோ என்ற பயம். பழி மட்டும் தவறாமல் அவள் பக்கம் வந்தது. அவளை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று பிலோமினம்மாள் சாமியாரைப் போய்ப் பார்த்தாள். "தேவன் இணைத்ததை மனிதன் பிரிக்கலாகாது" என்று அவர் சொல்லிவிட்டார். பிலோமினம்மாள் பக்தியுள்ளவள். தேவ வாக்கை மீற மாட்டாள். ஆனால் தேவன் இணைத்ததை குடிநுழைவு அதிகாரி பிரிக்கக்கூடாது என்று வேதத்தில் எங்கேயும் எழுதவில்லையே.

பிரிஜட்டிடம் இருந்தது வருகையாளர் பாஸ் ஒன்றுதான். ஸ்பான்சர் ஆம்ப்ரோஸ். நிரந்தரவாசம் கேட்டு எழுதிப்போடச் சொன்னபோதெல்லாம், "பிள்ளை பொறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று பிலோமினம்மாள் தட்டிக் கழித்தாள். ஐசி என்கிற அடையாள அட்டை வேண்டுமென்றால் பிள்ளை பெற வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

அவளைப் படிக்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போகும்போது நடைபாதையின் எல்லா வீட்டு ஜன்னலும் திறந்திருந்தது. ஆமினா பீவி மட்டும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். "என்ன புள்ளே இது?" என்றாள்.

போலீஸ் நிலையத்தில் மொழிபெயர்க்க தனசேகரன் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, நல்ல தமிழ். அவரைப் பார்த்ததும் பிரிஜட்டுக்கு உயிர் வந்தது. நம்ம ஆள் ஒருவர் இருக்கிறார், சொன்னால் விளங்கிக்கொள்வார் என்று நம்பினாள்.

விசாரணை அதிகாரி சங்கிலியை மேசைமேல் வைத்தார். தனசேகரன் கேட்டார்:

"இது யாரோட நகைம்மா?"

பிரிஜட் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அத்தையோடதுங்க" என்றாள்.

அவளைக் கட்டிக்கொடுக்கும் முன்பு அவளுடைய அம்மா அந்தோனியம்மாள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. புகுந்த வீட்டில் 'என்னுது' என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது. கட்டிக்கொண்டு போன புடவையை 'எங்க அத்தையோட புடவை' என்று சொல். போட்டுக்கொண்டு போன நகையை 'எங்க அத்தை நகை' என்று சொல். கேட்கிறவர்கள், எவ்வளவு பாங்காக வளர்த்திருக்கிறார்கள் என்று மெச்சுவார்கள். பிரிஜட் மூன்று வருஷமாக அப்படித்தான் சொல்லிவந்தாள். கோயிலில் யாராவது, "சங்கிலி நல்லாருக்கே" என்றால், "அத்தையோடதுங்க" என்பாள். பிலோமினம்மாள் பக்கத்தில் நின்று சிரிப்பாள். கேட்டவர்களுக்கும் அது மருமகள் கொண்டுவந்த நகை என்று தெரியும். தமிழ் வீடுகளில் இது தெரியாதவர் யார்?

இப்போதும் அதே பாடத்தைத்தான் ஒப்பித்தாள். திருடவில்லை என்று நிரூபிக்க வேறு வழி தெரியாதவள், தான் எவ்வளவு நல்ல மருமகள் என்று நிரூபித்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது கத்தச் சொல்லி யாரும் பாடம் எடுப்பதில்லை.

தனசேகரன் கொஞ்சம் தயங்கினார். அவருடைய மனைவியும் தன் தாய்வீட்டு வளையல்களை அப்படித்தான் சொல்லுவாள். "உங்க அத்தையோடதா?" என்று இன்னொரு தரம் கேட்டார்.

"ஆமாங்க. எல்லாம் அவங்களுதுதான்."

அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு, "நீ எடுத்தாயா?" என்று கேட்கச் சொன்னார். "எடுத்தேங்க" என்றாள் பிரிஜட். அது உண்மை. "அத்தை எடுத்துக்கச் சொன்னாங்க" என்றும் சொன்னாள். அதையும் எழுதினார்கள். ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிலோமினம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டாள். அவள் மகனும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை என்றுவிட்டான்.

"உனக்கு வக்கீல் வச்சுக்க உரிமை இருக்கும்மா" என்று தனசேகரன் விளக்கினார்.

"யாருங்க வைப்பாங்க?"

"உன் வீட்டுக்காரர்தான் வைக்கணும்."

"அவருதானே..."

"ஜாமீன் கேட்கவும் உரிமை இருக்கு. இங்கத்துக்காரர் யாராவது வந்து பொறுப்பேத்துக்கணும். ஒரு போனும் பண்ணிக்கலாம். எந்த நம்பருக்குப் பண்றே?"

பிரிஜட்டுக்கு சிங்கப்பூரில் ஒரே ஒரு தொலைபேசி எண்தான் தெரியும். அது பிலோமினம்மாள் வீட்டு எண். உள்நாட்டுக்காரிக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையும் சட்டம் அவளுக்கும் கொடுத்திருந்தது, ஒன்றுகூடக் குறைவில்லை. ஆனால் எல்லாவற்றையும் பூட்டி, சாவியை திருஇருதயப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

மறுநாள் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். அதற்கு முன்பே தனசேகரன் மெதுவாகச் சொல்லியிருந்தார். "ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிடலாம்மா. இல்லேன்னா கேஸ் முடியற வரைக்கும் உள்ளயே இருக்கணும். ஜாமீனுக்கு ஆள் இல்ல பாரு." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"ஒத்துக்கிட்டா நான் திருடின்னு ஆயிடும்லங்க?"

"ஆமா."

"எங்கம்மா போட்டுவிட்டதை எடுத்ததுக்கு நான் எப்படிங்க திருடி ஆவேன்?"

தனசேகரன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதை நேத்து சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பெண்கள் சிறைக்கு அனுப்பினார்கள். அங்கே உள்ளே விடும் முன்பு ஜெபமாலையையும் கொண்டை ஊசியையும் வாங்கி ஒரு பழுப்பு உறையில் போட்டார்கள். பிறகு காவல்பெண் கழுத்தைக் காட்டினாள். பிரிஜட் தாலியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "இதை மட்டும் கழட்டச் சொல்லாதீங்க, புருஷன் உசுரோட இருக்காரு" என்று தமிழில் கெஞ்சினாள். காவல்பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. சிலுவை பொறித்த அந்தத் தாலியும் உறைக்குள் போயிற்று. அன்று அவள் அழுத அழுகையில், கூட இருந்த சீனக் கிழவி ஒருத்தி பயந்துபோய்த் தன் பங்கு ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

ஆமினா பீவி பார்க்க வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் ஜாமீன் நிக்கிறேன்னுதான் புள்ளே சொன்னேன். எங்க ஊட்டுக்காரரும் ஊருக்குப் போறதைத் தள்ளிவச்சுட்டு சரின்னாரு. ஒம் புருஷன் வந்து அவர்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? நகை ஒங்க ஊட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்துச்சு, திருட்டு நகை வாங்குனா நீங்களும் கேஸ்ல மாட்டுவீங்கன்னு சொல்லிட்டான். மனுஷர் பயந்துட்டாரு லா."

"பரவாயில்லக்கா."

"என்ன பரவாயில்ல? போலீஸ்ல கேட்டப்ப ஒன்னுதுன்னு சொல்றதுக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா?"

"மரியாதைக்குச் சொன்னேன்க்கா."

"மரியாதைக்காக ஜெயிலுக்கு வந்த ஆளை இன்னிக்குத்தான் லா பாக்குறேன்." ஆமினா பீவிக்குக் கண் கலங்கியது. கோபத்தில் வந்த கண்ணீர் அது. "இங்க பாரு. கோர்ட்டுல ஜட்ஜ் கேப்பாரு. அப்ப சொல்லு. என்னுதுன்னு சொல்லு. இப்ப சொல்லிக் காட்டு பாப்போம்."

பிரிஜட் வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. மூன்று வருஷமாகப் புழங்காத சொல் அது.

அதன்பிறகு அவள் பழகினாள். சிறையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு தட்டு, ஒரு பிளாஸ்டிக் குவளை, ஒரு பாய் உண்டு. குவளையைக் கழுவும்போது, "இது என்னுது" என்று சொல்லிப் பார்த்தாள். பாயை விரிக்கும்போது சொன்னாள். முதலில் திருட்டுத்தனம் செய்கிறவள்போல முணுமுணுத்தாள். போகப் போகக் குரல் தெளிந்தது. சிங்கப்பூரில் அவள் முதன்முதலாகத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட பொருள் அரசாங்கத்துக் குவளை.

விசாரணை நாளன்று நீதிபதியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள். சங்கிலியைத் தட்டியவர் திண்டுக்கல் ஆசாரி. கொக்கிக்குப் பக்கத்தில் அம்மா பேரின் முதலெழுத்து இருக்கிறது. கல்யாணப் படத்தில் அது அவள் கழுத்தில் கிடக்கிறது. அந்தப் படம் பிலோமினம்மாள் வீட்டுக் கூடத்திலேயே தொங்குகிறது. இதெல்லாம் போதும் என்று நினைத்தாள். போதும்தான். கேட்க ஆள் இருந்தால்.

சாம்பல் புதன் கழிந்த வாரத்தில் அவளைப் பிடித்தார்கள். குருத்து ஞாயிறு நெருங்கும்போது கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். மொழிபெயர்க்க அதே தனசேகரன். முன் வரிசையில் வெள்ளைப் புடவையில் பிலோமினம்மாள், பக்கத்தில் ஆம்ப்ரோஸ். கடைசி பெஞ்சில் ஆமினா பீவி, புருஷனுக்குச் சொல்லாமல் வந்திருந்தாள்.

அரசு வழக்கறிஞர் எழுந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நீதிபதி தலையசைத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"என்னங்க சொல்றாங்க?" என்றாள் பிரிஜட்.

"உங்க அத்தை உன்னை மன்னிச்சுட்டாங்களாம்மா. தவக்காலம், குடும்ப விஷயம், கேஸ் நடத்த வேணாம்னு கேட்டிருக்காங்க. உன்னை விடுதலை பண்ணிட்டாங்க."

"அப்ப நான் திருடலைன்னு சொல்றாங்களா?"

"அப்படிச் சொல்லல. கேஸ் இல்லைன்னு சொல்றாங்க."

"நான் சொல்ல வேண்டியதைச் சொல்லலாங்களா? சங்கிலியில எங்கம்மா எழுத்து இருக்குங்க."

"கேஸே இல்லாம யாருகிட்டம்மா சொல்றது?"

பிலோமினம்மாளுக்குக் கேஸ் இனி எதற்கு? முந்தின வாரமே ஆம்ப்ரோஸ் ஸ்பான்சரை வாபஸ் வாங்கிவிட்டான். பாஸ் ரத்தாகிவிட்டது. விடுதலையான பிரிஜட்டைக் கூட்டிக்கொண்டு போக வாசலில் குடிநுழைவு அதிகாரிகள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். சாயங்கால விமானத்தில் டிக்கெட் போட்டாயிற்று. திருடி என்று தீர்ப்பாகியிருந்தாலும் அதே விமானம்தான், கொஞ்ச நாள் கழித்து. மன்னிப்பு என்று ஒன்று சேர்ந்துகொண்டதில் பிலோமினம்மாளுக்குக் கோயிலில் நல்ல பேர்.

நீதிபதி சங்கிலியைப் பற்றிக் கேட்டார். அது யாரிடம் போக வேண்டும்? அரசு வழக்கறிஞர் வாக்குமூலத்தைப் புரட்டி ஒரு வரியைக் காட்டினார். மாமியாருடையது என்று இந்தப் பெண்ணே சொல்லியிருக்கிறாள்.

"அது என்னுதுங்க" என்றாள் பிரிஜட்.

குரல் உடையவில்லை. குவளையும் பாயும் கற்றுக்கொடுத்த குரல். கடைசி பெஞ்சில் ஆமினா பீவி வாய்க்குள் ஏதோ ஓதினாள். தனசேகரன் மொழிபெயர்த்தார். நீதிபதி கெட்டவர் இல்லை. வாக்குமூலத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னதை தனசேகரன் தமிழில் சொன்னார்: "நகை யாரோடதுங்கிறது வேற வழக்கும்மா. சிவில் கோர்ட்டுல போட்டுக்கலாம். அதுக்கு உனக்கு முழு உரிமை இருக்குன்னு சொல்றாரு."

"எப்பங்க போடலாம்?"

தனசேகரன் வாசலில் நின்ற இரண்டு அதிகாரிகளைப் பார்த்தார்.

சங்கிலி பிலோமினம்மாள் கைக்குப் போயிற்று. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காவல்பெண் பிரிஜட்டின் உடைமை உறையைக் கொண்டுவந்து கூண்டின் விளிம்பில் வைத்து, சரிபார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிரிஜட் ஜெபமாலையை எடுத்தாள். "இது என்னுது" என்றாள். கொண்டை ஊசியை எடுத்தாள். "இது என்னுது" என்றாள். அவளை யாரும் கேட்கவில்லை; அவளாகவே சொன்னாள். உறைக்குள் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

"ஐயா, ஒண்ணு சொல்லணுங்க" என்றாள்.

தனசேகரன் அருகே வந்தார்.

"இதுல ஒரு தாலி இருக்குங்க. அது அத்தையோடதுங்க. சங்கிலியோட சேத்து அவங்ககிட்டயே குடுத்துடச் சொல்லுங்க."

"யோசிச்சுப் பேசும்மா" என்றார் அவர், தணிந்த குரலில்.

"நான் சொன்னதைச் சொல்லுங்க. அன்னிக்கும் சொன்னதைத்தானே சொன்னீங்க."

தனசேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதிக்கு அது ஒரு தங்க வில்லை, அவ்வளவுதான். அப்படியே செய்யுங்கள் என்று கையை அசைத்துவிட்டு அடுத்த வழக்கின் கட்டைப் பிரித்தார். காவல்பெண் தாலியை எடுத்துக்கொண்டு முன் வரிசைக்குப் போனாள்.

பிலோமினம்மாள் எழுந்து பின்வாங்கினாள். பெஞ்சு இடித்தது. "ஐயய்யோ, வேணாம். அதைக் கையில வாங்கக்கூடாது. அது அவளுதுங்க. அவளுதுதான்" என்றாள். மூன்று வருஷத்தில் அந்த வாயிலிருந்து 'அவளுது' என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

நீதிபதி நிமிர்ந்து, அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

தனசேகரன் பிரிஜட்டைப் பார்த்தார். சொன்னதைச் சொல்வதுதான் தன் வேலை, அதற்குமேல் தனக்குப் பொறுப்பில்லை என்று இத்தனை வருஷமாக நிம்மதியாகத் தூங்கிய மனிதர் அவர். இப்போது அந்த வேலையை அவர் செய்யவில்லை.

"நன்றி சொல்கிறார்" என்றார்.

பிரிஜட் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு அதிகாரிகளோடு படியிறங்கிப் போனாள். கடைசி பெஞ்சிலிருந்து ஆமினா பீவியும் எழுந்து பின்னாலேயே போனாள். சங்கிலியையும் தாலியையும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வேண்டும் என்று குமாஸ்தா பேனாவை நீட்டினார். மகன் கட்டிய தாலியை, அந்த மகன் உயிரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருக்க, பெற்றுக்கொண்டேன் என்று பிலோமினம்மாள் கையெழுத்துப் போட்டாள்.